திரும்பிப் படுக்காதவள்

பரமத்தி வேலூர் கடைவீதியில் போய் தஹ்சீன் என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, வாய்க்கால்ல வண்டியை உட்ட பொம்பளையா?" என்பார்கள். அதற்கு முன்னால் எத்தனையோ வருடம் அதே வீதி வழியாக வெற்றிலையும் வாழைத்தாரும் ஏற்றிப் போனவள் என்று ஒருத்தருக்கும் நினைவு வராது. ஒழுங்காக ஓட்டிய நாளெல்லாம் கணக்கில் இல்லையாம், கவிழ்ந்த ஒரு நாள் மட்டும் பெயராகிவிடுமாம். எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வசந்தாமணி. எனக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது, நாக்கும் இருக்கிறது. வெற்றிலை நாமக்கல் வரைக்கும்தான் போகும், நாக்கு எங்கேயும் போகும். என் வெற்றிலையை ஏற்றிப் போகத்தான் தஹ்சீன் முதலில் என் களத்துக்கு வந்தாள்.

அவளைக் கரூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த மனுசனுக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்ததும் அழுது புரண்டு நியாயம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வர வேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கழுத்தில் கிடந்ததை விற்றுப் பழைய வண்டி ஒன்றை வாங்கினாள். சின்ன யானை என்று நாம் சொல்வோமே, அந்தக் குட்டி லோடு வண்டி. அண்ணன் கரீம் பாஷாவுக்குக் கடைவீதியில் பிளாஸ்டிக் சாமான் கடை. "நம்ம ஊட்டுப் பொம்பளை ஸ்டீரிங் புடிக்கிறதா?" என்று குதித்தார். "ஸ்டீரிங்கைத்தானே புடிக்கறேன்ணே, யாரு காலையும் புடிக்கலையே" என்றாள் இவள். அதற்கப்புறம் அவர் தடுக்கவில்லை, ஆனால் காத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

அவர் காத்திருந்தது போன மாசியில் நடந்தது. ராஜவாய்க்கால் கரை ரோட்டில் ஒரு வெள்ளாடு குறுக்கே பாய, இவள் ஸ்டீரிங்கை ஒடிக்க, வண்டி சரிந்து வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான். ஜன்னல் வழியாகத் தானே வெளியே வந்து, தானே கரை ஏறினாள். நான் சேதி கேட்டு ஓடிப்போனபோது பக்கத்திலிருந்த வாய்க்கால் பாலத்தின் மேல் கூட்டம் நின்றது. கை கொடுக்க ஒரு கை இல்லை. எல்லாக் கையிலும் போன் இருந்தது. என் வெற்றிலைச் சுமைகள் தண்ணீரில் மிதந்து போயின, அது போனால் போகட்டும். சாயங்காலத்துக்குள் ஊரிலுள்ள போன்களில் எல்லாம் அந்த வீடியோ வந்துவிட்டது. கீழே "லேடி டிரைவர்" என்று போட்டுச் சிரிப்புப் பொம்மை வைத்திருந்தார்கள். ஆடு ஓட்டியவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வண்டியைப் பழுது பார்த்து என் களத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். சாவி என் வீட்டு ஆணியில் தொங்கியது. தஹ்சீன் தினமும் வருவாள், சாவியை எடுப்பாள், சீட்டில் உட்காருவாள். சாவியைத் துவாரத்தில் வைத்ததும் கை உதறும். இறங்கி வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். ஊரை எதிர்த்து வாய் பேசுகிறவள் ஒரு சாவிக்கு முன்னால் அப்படி நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

"என்ன புள்ள ஆச்சு உனக்கு?" என்று ஒரு நாள் பிடித்துக்கொண்டேன்.

"வெடியால, கோழி கூப்புடற நேரத்துல, ஒரு கனவு வருதுங்க்கா. தினமும் வருது. மூச்சு முட்டி முழிச்சுக்கறேன். அந்தப் பயம் சாயங்காலம் வரைக்கும் கையிலயே இருக்குது."

"என்ன கனவு?"

"அதான் தெரியலீங்க்கா. முழிச்சா ஒண்ணும் நெனப்புல இல்லை."

அவர்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. கெட்ட கனவு கண்டு விழித்தால் இறைவனிடம் பாதுகாப்புத் தேடி, இடப்பக்கமாக மூன்று முறை லேசாகத் துப்பி, மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. நல்ல கனவாக இருந்தால் பிரியமானவர்களிடம் மட்டும் சொல்லலாம். அவள் அம்மா மஸ்தான் பீவி சின்ன வயதிலேயே பழக்கிவிட்டிருந்தார். தஹ்சீனும் ஒரு நாள் தவறாமல் துப்பினாள், திரும்பிப் படுத்தாள். என்றைக்கோ ஒரு நாள் வரும் கனவுக்கு அது நல்ல மருந்துதான். தினமும் வருகிற கனவுக்கு என்ன செய்வது? திரும்பியதும் கனவு அழிந்துவிடும், பயம் மட்டும் அழியாமல் தங்கிவிடும்.

கரீம் பாஷாவுக்குச் சேதி போய்விட்டது. "வெடியாலக் கனவு பலிக்கும்பாங்க. ஆண்டவன் எச்சரிக்கை குடுக்கறான், இன்னும் என்ன அடம்?" என்று எருமப்பட்டி கந்தவேலிடம் வண்டியை விலை பேசினார். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கந்தவேல் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. "அதுக்குள்ள நீயே எடுத்து நாமக்கல் வரைக்கும் ஓட்டிட்டீன்னா வெச்சுக்க. இல்லேன்னா வித்துரலாம்" என்று தங்கையிடம் சொன்னார். நியாயமாகப் பேசுகிற மாதிரி இருந்தது. கை உதறுகிறவளிடம் பேசுகிற நியாயம்!

தஹ்சீன் போனில் தேட ஆரம்பித்தாள். கெட்ட கனவை நிறுத்துவது எப்படி என்று கேட்டால், போன் வேறொன்றைக் காட்டியது. கனவை விரட்டாதே, முதலில் அதை நினைவில் பிடி, பிடிக்கப் பழகிவிட்டால் கனவுக்குள் இருக்கும்போதே 'இது கனவுதான்' என்று தெரிந்துகொள்ளலாம், தெரிந்துவிட்டால் பிறகு அங்கே நீ வைத்ததுதான் சட்டம் என்று ஒரு பையன் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இதுக்குப் பேரு லூசிட் ட்ரீமாமுங்க்கா."

"லூசுக் கனவா? பேரு பொருத்தமாத்தான் வெச்சிருக்கறான்."

"சிரிங்க சிரிங்க. என்னையப் பயமுறுத்தறது என்னன்னு நான் பாக்கணும். பாக்காம வண்டியைக் குடுக்க மாட்டேன்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

அந்தப் பையன் சொன்ன வழி கேட்கச் சுலபம். படுக்கும்போது 'காலையில் கனவு நினைவிருக்கும்' என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு படுக்க வேண்டும். அரைத் தூக்கம் போதாது, நேரத்தோடு படுக்க வேண்டும், ஏனென்றால் கனவு பெரும்பாலும் விடியும் நேரத்துத் தூக்கத்தில்தான் கொட்டுகிறதாம். விழிப்பு வந்ததும் அசையக் கூடாது. கண்ணைத் திறக்கக் கூடாது, போனைத் தொடவே கூடாது. எந்தப் பக்கம் படுத்திருந்தோமோ அதே பக்கம் அப்படியே கிடந்து, கடைசியாக என்ன இருந்தது என்று வாலைப் பிடித்து, அங்கிருந்து பின்னோக்கி இழுக்க வேண்டும். கிடைத்ததை வாய்விட்டு உடனே சொல்லிவிட வேண்டும், பல் விளக்கினால் போச்சு.

இதில் தஹ்சீன் மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில்தான். அவள் உடம்பு அவளைக் கேட்காமலே திரும்பிப் படுத்தது. விழிப்பு வருவதற்கு முன்பே தலை இடப்பக்கம் போய், துப்பி, உருண்டு, எல்லாம் முடிந்திருக்கும். அத்தனை வருடப் பழக்கம். "கியர் மாத்தற மாதிரிங்க்கா, நெனைக்கறதுக்குள்ள கை போயிருது" என்றாள். சலித்துப்போய் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அண்டக் கொடுத்து, உருளவே முடியாமல் படுத்தாள். முதல் தடவையாகக் கனவின் வால் கையில் சிக்கிய காலையில், மகள் கண் மூடிக் கட்டையாகக் கிடப்பதைப் பார்த்த மஸ்தான் பீவி அலறியடித்து முகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். வாலும் போச்சு, தலையணையும் நனைந்தது.

"ஈரம், ஈரம்னு மட்டும் நெனப்பிருக்குதுங்க்கா" என்று எனக்குப் போன் போட்டாள். "அது கனவுல வந்ததா, எங்கம்மா ஊத்துனதான்னு தெரியலை."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும்தான்.

அம்மாவோடு அதற்கப்புறம் பெரிய சண்டை. கெட்ட கனவை வெளியே சொல்லக் கூடாது என்று தெரிந்தும் இவள் எனக்குப் போன் போட்டுச் சொல்கிறாளே என்று அவருக்கு ஆற்றாமை. பயந்த பெண்பிள்ளை இன்னும் கெட்டுப்போவாளோ என்கிற தவிப்புத்தான், வேறில்லை. தஹ்சீன் என்ன பதில் சொன்னாள் என்பதை மஸ்தான் பீவியே என்னிடம் வந்து சொல்லி அழுதார்.

"'கெட்ட கனவுன்னு யாரும்மா முடிவு பண்ணுனது? நான் இன்னும் முழுசாப் பாக்கவே இல்லையே. நான் இதை நல்ல கனவுன்னு வெச்சுக்கிட்டேன். நல்ல கனவைப் பிரியமானவங்ககிட்டச் சொல்லலாம்தானே'ங்கறா. அந்தப் பிரியமானவங்க நீங்களாம் வசந்தாமணி."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கொடிக்காலில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

பிறகு மஸ்தான் பீவியே காலையில் கதவோரம் உட்கார்ந்து, யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டார். விடியல் தொழுகைக்குச் சுபுஹு பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் தஹ்சீனுக்குத் தானாக விழிப்பு வரும். கண்ணைத் திறக்காமல் வாலைத் தேடுவாள். சில நாள் ஒன்றுமே கிடைக்காது. அப்போதும் அசையாமல், மனசில் மிச்சமிருந்தது என்ன, கோபமா அழுகையா என்று அதை மட்டுமாவது பிடித்துவைப்பாள். கிடைத்ததைப் படுக்கையிலேயே வாய்விட்டுச் சொல்லி வைத்துக்கொள்வாள், தொழுது முடித்ததும் எனக்குப் போன் வரும். ஒரு நாள் தண்ணீரில் வெற்றிலை மிதந்தது. ஒரு நாள் நனைந்த துப்பட்டாவின் கனம். ஒரு நாள் யாரோ சிரிக்கும் சத்தம். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுகிற மாதிரி ஒவ்வொன்றாக மேலே வந்தது.

பிறகு ஒரு காலையில் போனில் அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, தண்ணி இடுப்பளவுதானுங்க்கா."

"எங்க?"

"கனவுல. கனவுலயும் இடுப்பளவுதான். நான் முழுகவே இல்லை. நின்னுக்கிட்டிருக்கறேன்."

"அப்புறம் எதுக்குப் புள்ள மூச்சு முட்டுது?"



"மேல நிக்கறாங்க. எல்லாருங் கையிலயும் போனு. ஒருத்தரும் எறங்கி வரமாட்டேங்கறாங்க. முன்னால நிக்கறது எங்கண்ணன்."

கரீம் பாஷா அன்றைக்கு வாய்க்கால் பக்கமே வரவில்லை, கடையில் இருந்தார். ஆனால் அவள் மனசு அவரைக் கொண்டுபோய் முதல் வரிசையில் நிறுத்தியிருக்கிறது. இத்தனை நாளும் அவள் பயந்தது தண்ணீருக்கு இல்லை, ரோட்டுக்கு இல்லை, வண்டிக்கும் இல்லை. வேடிக்கை பார்த்தவர்களுக்குப் பயந்திருக்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் பாலத்தில் நின்றவர்களை வீடு வீடாகப் போய் வாங்கு வாங்கென்று வாங்கலாமா என்று நினைத்தேன்.

"வேண்டாமுங்க்கா. நான் அங்கயே போயிக் கேட்டுக்கறேன்" என்றாள் தஹ்சீன்.

அங்கே என்றால் கனவுக்குள். அதற்கு அந்தப் பையன் ஒரு சோதனை சொல்லியிருந்தான். கனவில் எழுத்தோ எண்ணோ நிலையாக நிற்காது. ஒரு தடவை படித்து, தலையைத் திருப்பி, மறுபடி படித்தால் மாறியிருக்கும். பகலெல்லாம் அதைப் பழக்கமாக்கிவிட்டால் கனவிலும் தன்னால் அந்தப் பழக்கம் வரும், கனவு மாட்டிக்கொள்ளும். தஹ்சீனுக்குப் படிக்க என்ன இருக்கிறது? வண்டி நம்பர்தான். பஸ் ஸ்டாண்டில், கடைவீதியில், பெட்ரோல் பங்கில், கண்ணில் பட்ட வண்டியின் நம்பரை எல்லாம் படிப்பாள். தலையைத் திருப்புவாள். மறுபடி படிப்பாள். 'இது கனவா?' என்று உண்மையாகவே கேட்டுக்கொள்வாள். கரூர் பஸ் கண்டக்டர், "ஏம்மா, நம்பரைக் குறிச்சுக் கம்ப்ளைண்ட் பண்ணப் போறியா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். தங்கைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கரீம் பாஷா கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும். உடம்பைத் திரும்பிப் படுக்கப் பழக்கியவள், தலையைத் திரும்பிப் பார்க்கப் பழக்கமாட்டாளா?

ஒரு நாள் கனவில் அது நடந்தே விட்டது. முன்னால் போன லாரியின் நம்பர் இரண்டாம் தடவை வேறாக இருந்தது. "கனவு, கனவு!" என்று அவள் குதித்த குதியில் முழிப்பு வந்துவிட்டது. புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் இப்படித்தான் ஆகுமாம். அடுத்த தடவை குதிக்காமல், கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் கனவு கலையாது. கெட்டியாகப் பிடிக்க இவளுக்கு ஸ்டீரிங் இருக்கிறதே.

கந்தவேல் வருவதாக இருந்த வெள்ளிக்கு முந்தின நாள் காலையில் போன் போடாமல் நேராகவே வந்துவிட்டாள். நான் வெற்றிலையை நூறு நூறாகக் கவுளி அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே குத்தவைத்து உட்கார்ந்து சொன்னாள்.

"வாய்க்கால்ல நிக்கறேன். வண்டி நம்பரைப் பாத்தேன், சரியா இருந்துச்சு. தலையைத் திருப்பிட்டு மறுபடி பாத்தா, நம்பர் இருந்த எடத்துல 'மஸ்தான் பீவி'ன்னு எழுதியிருக்குது."

"உங்கம்மா பேரா!"

"ஆமாங்க்கா. சிரிப்பை அடக்கிட்டு ஜன்னலுக்குள்ள கையை உட்டு ஸ்டீரிங்கைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். கலையலை. மேல பாத்தேன். எல்லாரும் நிக்கறாங்க, எங்கண்ணனும் நிக்குது. இது என் கனவு, நான் சொல்றதுதானே நடக்கணும்? பறக்கலாம், வண்டியைத் தண்ணியிலயே ஓட்டலாம். எனக்கு அதெல்லாம் தோணலை. 'என்ன வேடிக்கை பாக்கறீங்க? எறங்கி வந்து ஆளுக்கொரு சுமையைத் தூக்குங்க!'ன்னு சத்தம் போட்டேன்."

"போட்டு?"

"போனைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அத்தனை பேரும் எறங்கிட்டாங்க அக்கா!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுக்கிய கவுளி சரிந்தது. அவள் முகத்தை நெடுநாளைக்கு அப்புறம் அப்படிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கரீம் பாஷா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு கந்தவேலைக் கூட்டிக்கொண்டு என் களத்துக்கு வந்தார். நான் அன்றைக்கு வேண்டுமென்றே நாமக்கல் வெற்றிலையைக் கட்டி வண்டி ஓரத்தில் அடுக்கிவைத்திருந்தேன். வண்டி விலையாகிறது என்றதும் தெருவில் இருந்தவர்களும் வந்து நின்றுவிட்டார்கள். இந்த ஊரில் வேடிக்கைக்கு மட்டும் ஆள் பஞ்சமே கிடையாது.

தஹ்சீன் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்று நம்பரைப் படித்தாள். தலையைத் திருப்பினாள். மறுபடி படித்தாள்.

மாறவில்லை.

கனவில் அவள் சொன்னது நடக்கும். இங்கே தண்ணீர் நிஜம், ரோடு நிஜம், நிற்கிறவர்கள் நிஜம், யாரும் அவள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று சட்டமில்லை. அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. என் ஆணியிலிருந்து சாவியை எடுத்துவந்து, ஏறி உட்கார்ந்து, துவாரத்தில் வைத்தாள். கை உதறியது.

"பாத்தியா? கை நடுங்குது. எறங்கு தஹ்சீன், போதும்" என்றார் கரீம் பாஷா.

"நடுங்கட்டும்ணே. அது பாட்டுக்கு நடுங்கட்டும், நான் பாட்டுக்கு ஓட்டறேன்."

சாவியைத் திருப்பினாள். பழைய இன்ஜின் இருமிக் கனைத்துப் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் ஒருத்தன் போனைத் தூக்கினான். அதை அவள் பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன், செருப்பைத் தேடினேன். அதற்குள் அவள் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"என்ன வேடிக்கை பாக்கறீங்க? ஆளுக்கொரு சுமையைத் தூக்கி வைங்க!"

ஒருத்தரும் அசையவில்லை. அவள் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் சிமிட்டாமல்.

கரீம் பாஷா கந்தவேலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டு, ஜும்மாவுக்குக் கட்டிய அந்த வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து முதல் சுமையைத் தோளில் தூக்கினார். ஈர வெற்றிலையின் தண்ணீர் சட்டையெல்லாம் சொட்டியது. அவரைப் பார்த்துக் கந்தவேல் ஒன்றைத் தூக்கினார், வாங்க வந்த மனுசன் பாவம். போனைத் தூக்கியவனும் அதை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தான். அந்தக் கனவு என்னவென்று என்னையும் அவளையும் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன், அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

நாமக்கல் போக, பக்கத்து சீட்டில் நான் ஏறிக்கொண்டேன். கடைவீதி தாண்டி, கரை ரோட்டில் திரும்பி, வாய்க்கால் பாலத்துக்கு வந்தோம். அவள் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, வண்டி நேராகத்தான் போனது. பாலத்தின் நடுவில் ஹாரனை அழுத்தினாள். கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். எதிரே ஆளும் இல்லை, ஆடும் இல்லை.

"யாருக்குப் புள்ள இந்த ஹாரனு?"

"யாருக்கும் இல்லீங்க்கா. நான் போறேன், அதுக்கு."